கூலியும் சம்மதமும்: அந்நிய முதலீட்டின் அறம்

(விருத்தாசலத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதுகுன்றம் என்றும் பழமலை என்றும் பெயர் பெற்ற இத்தலத்து ஈசன் அளித்த பன்னீராயிரம் பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் இட்டார் என்றும், பின்னர் அதனைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்றும், எடுத்த பொன் மாற்றுக் குறைந்திருக்கக் கண்டு மீண்டும் பாடி அதனை உரிய மாற்றுக்குக் கொண்டுவந்தார் என்றும் பெரியபுராணம் கூறும் வரலாற்றை இவ்வூரில் அறியாதவர் இல்லை. ஓரிடத்தில் இட்ட செல்வம் மற்றோரிடத்தில் எடுக்கப்படுவதை இன்றைய உலகம் முதலீடு என்று அழைக்கிறது. தைபேயிலும் சியோலிலும் இடப்படும் பொருள் உளுந்தூர்ப்பேட்டையிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தொழிற்சாலையாக எழுகிறது. அங்கே எழும் இலாபம் மீண்டும் கடல் கடந்து செல்கிறது. இறைவனே அளித்த பொன்னாயினும் மாற்றுப் பார்த்தே கைக்கொள்ள வேண்டும் என்ற அந்த வரலாற்றின் எச்சரிக்கை, மனிதர் அளிக்கும் பொன்னுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். அந்த மாற்றை எவ்வாறு பார்ப்பது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம்.

நம் வாசலுக்கு வந்துள்ள கேள்வி

இக்கேள்வியை இவ்வூரில் எழுப்புவதற்குத் தக்க காரணம் உண்டு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்திருக்கும் களிமண்ணும் அதனை வனைந்து சுடும் கைத்திறனும் இருந்தமையால், விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் பெற்றது. தொழிற்பேட்டையும், சிறு முதலாளிகள் தங்கள் சரக்கைக் கட்டணம் செலுத்திச் சுட்டுக்கொள்ள அரசு அமைத்த பொதுச் சூளை வசதியும், இத்தொழில்நுட்பத்தைப் பயிற்றுவிக்கும் அரசுப் பயிலகமும் சேர்ந்து, பெருமுதல் இல்லாதவனும் தொழில் நடத்தலாம் என்ற நம்பிக்கையை இங்கே வளர்த்தன. மின்சாரக் கம்பிகளுக்கான பியூஸ் கேரியர் முதல் கார்த்திகை விளக்கும் கொலுப் பொம்மையும் வரை இவ்வூர்ச் சரக்கு தமிழகத்து இல்லங்களில் புகுந்தது. குஜராத்தின் மோர்பியிலிருந்தும் சீனத்திலிருந்தும் மலிவான சரக்கு வந்து குவிந்த பிறகு, அந்த நம்பிக்கை தளர்ந்ததும், இளைஞர்கள் சென்னைக்கும் திருப்பூருக்கும் பேருந்து ஏறியதும் நீங்கள் பிரத்தியட்சமாகக் கண்டவை.

இந்நிலையில்தான் 2023 ஏப்ரல் 17ஆம் தேதி, தைவானின் போ சென் குழுமத்தைச் சேர்ந்த ஹை குளோரி என்னும் காலணி நிறுவனம் உளுந்தூர்ப்பேட்டைச் சிப்காட்டில் 2,302 கோடி ரூபாய் முதலீட்டில் ஆலை அமைப்பதற்கும், 20,000 பேருக்கு வேலையளிப்பதற்கும் தமிழ்நாடு அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. உலகப் புகழ் வாய்ந்த விளையாட்டுக் காலணிகளை அவற்றின் வணிகப் பெயருக்குரியோர் தாமே தைப்பதில்லை. போ சென் போன்ற குழுமங்களே அவர்களுக்காகத் தைத்துக் கொடுக்கின்றன. இங்கிருந்து சிறிது தூரத்தில் உள்ள ஓர் ஊரில் இத்தகைய ஆலை அமையும்போது, அதன் வாயிலில் நிற்கப்போகிறவர்கள் பெரும்பாலும் நம் சுற்றுவட்டாரக் கிராமங்களின் பெண்களாகவே இருப்பார்கள். ஆகவே தூரதேசத்துப் பொருளாதார வாதமாக ஒருகாலத்தில் இருந்த இவ்விஷயம், இன்று நம் வீட்டுப் பெண்ணின் வாழ்க்கைக் கேள்வியாகிவிட்டது.

முதலீட்டை ஆதரிப்போர் கூறும் நியாயம்

ஏழை நாட்டில் அந்நியர் குறைந்த கூலிக்கு ஆள் அமர்த்துவது அறமாகுமா என்று கேட்டால், அதனை ஆதரிப்போர் கூறும் சமாதானம் எளிதில் தள்ளத்தக்கதன்று. அந்தப் பெண் இந்த வேலைக்கு வராவிட்டால் வேறெங்கே செல்வாள் என்று அவர்கள் கேட்கிறார்கள். வானம் பார்த்த பூமியில் ஆண்டுக்குச் சில மாதமே கிடைக்கும் களையெடுப்பும், முந்திரிக் கொட்டை உடைத்து அதன் எண்ணெயால் விரல் வெந்துபோகும் பிழைப்பும், செங்கல் சூளையில் முன்பணத்துக்குக் குடும்பத்தோடு கட்டுண்டு கிடப்பதும் தவிர வேறு ஜீவனோபாயம் இல்லாத இடத்தில், மாதந்தோறும் தவறாமல் வங்கிக் கணக்கில் வந்து சேரும் சம்பளமும் வருங்கால வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ. மருத்துவமும் ஒரு பெண்ணுக்குப் புதிய வாழ்க்கையைத் தருகின்றன. தன் பெயரில் கணக்கு வைத்திருக்கும் பெண்ணின் சொல்லுக்கு வீட்டில் மதிப்பு கூடுகிறது. அவளுடைய திருமணம் சில ஆண்டு தள்ளிப்போகிறது. தம்பி தங்கையரின் படிப்பு நின்றுபோகாமல் நடக்கிறது. இவற்றைக் கண்ணால் கண்டவன் எவனும், அந்நிய ஆலைகள் யாவும் பாவத்தின் உறைவிடங்கள் என்று பேசத் துணியமாட்டான். தென்கொரியாவும் தைவானுமே ஒருகாலத்தில் தம் பெண்களின் மலிவான உழைப்பைப் பிறருக்கு விற்று, அதிலிருந்து மேலேறி, இன்று முதலீடு செய்யும் நாடுகளாக நிற்கின்றன என்பதும் மறுக்கவியலாத சரித்திரம்.

ஆயினும் இந்த வாதத்தில் ஒரு குறை உண்டு. பழைய வாழ்வைவிட மேலானது என்பதாலேயே ஒரு பேரம் நியாயமான பேரமாகிவிடும் என்று அது கொள்கிறது. பசித்திருப்பவன் எந்த விலைக்கும் இசைவான். அவனுடைய இசைவு அவனது நிர்ப்பந்தத்தை நமக்கு உணர்த்துமேயன்றி, எதிரில் நிற்பவனின் நேர்மைக்குச் சாட்சியாகாது. அப்பெண்ணின் வறுமையை அந்நிய முதலாளி உண்டாக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவ்வறுமையே அவனை இங்கே அழைத்து வந்தது. அதனால் விளையும் மலிவே அவனுக்கு இலாபமாகிறது. பிறர் வறுமையால் பயன் அடைகிறவனுக்கு, அவ்வறுமையைப் பொறுத்த ஒரு கடமையும் உண்டாகிறது. அக்கடமையின் முதற்கூறு தக்க கூலி. இரண்டாவதும் அதனினும் அடிப்படையானதும், தன் நிலையைப் பற்றி அச்சமின்றி வாய்திறக்கும் உரிமை. நிர்ப்பந்தத்தில் பிறந்த சம்மதத்தை மெய்யான சம்மதமாக மாற்றவல்லது இந்த உரிமை ஒன்றே என்பது என் துணிந்த அபிப்பிராயம்.

தூத்துக்குடியும் பெரம்பூரும்

இவ்வுண்மையைத் தமிழகம் பிற நாட்டாரிடம் கற்க வேண்டியதில்லை. தூத்துக்குடியில் ஹார்வி சகோதரர்களின் கோரல் ஆலையில் நீண்ட நேர உழைப்புக்கும் சொற்பக் கூலிக்கும் ஆட்பட்டிருந்த தொழிலாளர்கள், 1908 பிப்ரவரி இறுதியில் வேலையை நிறுத்தி வெளியே வந்தபோது, வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். மார்ச்சு மாதத் தொடக்கத்திலேயே நிர்வாகம் இறங்கி வந்து கூலியை உயர்த்தவும் வார ஓய்வளிக்கவும் இசைந்தது. சுதேசிக் கப்பலோட்டிய அப்பெருமகன் அந்நிய மூலதனத்தை எதிர்த்தவர் என்பதையே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அந்நிய மூலதனத்தின் கீழ் உழைத்த ஏழையின் கூலிக்காகவும் அவர் நின்றார் என்பது அதே அளவுக்கு நினைவில் இருக்கத்தக்கது.

சென்னைப் பெரம்பூரில் பின்னி நிறுவனம் நடத்திய பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் முன்னின்று முயல, பி.பி. வாடியா தலைமை ஏற்க, திரு.வி.க. தம் தமிழால் அதற்கு வலுவூட்டினார். அச்சங்கத்தை நிர்வாகம் எதிர்கொண்ட விதம் இன்றைக்கும் பாடமாவது: கதவடைப்பு செய்தது; உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, தொழிலாளரை ஒப்பந்தம் மீறத் தூண்டினார்கள் என்று தலைவர்கள் மீது தடையாணை பெற்றது. சங்கம் வைப்பதே குற்றமாகக் கருதப்படும் அந்த நிலை நீங்க வேண்டுமென்று என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் முயன்றதன் பயனாக 1926ஆம் ஆண்டில் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. தேசம் முழுவதற்கும் பேச்சுரிமை தந்த அச்சட்டத்துக்கு விதை, சென்னையில் ஓர் அந்நிய ஆலையின் வாயிலில் விழுந்தது.

கூலிக்கு அளவுகோல் உண்டு

தக்க கூலி என்பது அவரவர் மனம்போல் சொல்லும் தொகை என்று சிலர் கருதுவதுண்டு. நம் நாட்டில் அதற்குத் தெளிவான அளவுகோல் உண்டு. அரசியல் சாசனத்தின் 43ஆம் பிரிவு, தொழிலாளிக்கு வாழ்வதற்குரிய ஊதியம் கிடைக்கச் செய்வதை அரசின் நெறியாக வகுத்தது. 1957ஆம் ஆண்டில் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, ஒரு குடும்பத்தை மூன்று நுகர்வு அலகுகளாகக் கொண்டு, ஒவ்வோர் அலகுக்கும் நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணியும், வீட்டு வாடகையும், எரிபொருள் விளக்கு முதலியவற்றுக்கு இருபது சதவிகிதமும் அடங்கியதே குறைந்தபட்சக் கூலி என்று வரையறுத்தது. சென்னை ஆலை ஒன்றின் தொழிலாளர் தொடுத்த ரெப்டாகோஸ் பிரெட் வழக்கில் 1991ஆம் ஆண்டு தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், குழந்தைகளின் கல்வி, மருத்துவம், பண்டிகை, முதுமை, திருமணம் ஆகியவற்றுக்காக இன்னும் இருபத்தைந்து சதவிகிதம் அதில் சேர வேண்டும் என்றது. இந்தக் குறைந்தபட்சத்தைக் கொடுக்க இயலாத தொழிலுக்கு நடந்துவரும் உரிமையே இல்லை என்ற கோட்பாட்டை நம் நீதிமன்றங்கள் 1950களிலேயே நிலைநாட்டிவிட்டன. இவ்வளவும் ஒரு மனிதன் மனிதனாக உயிர் தரிப்பதற்கான தரைமட்டம். உலகச் சந்தையில் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விலைபோகும் காலணியைத் தைக்கும் கரங்களுக்கு இத்தரைமட்டத்தைக் கொடுக்க எங்களால் ஆகாது என்று ஒரு நிறுவனம் கூறுமாயின், அதனை நம்புவதற்கு எந்த முகாந்திரமும் இல்லை.

அண்மைக் காலம் புகட்டிய பாடங்கள்

2006ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, சிறப்புப் பொருளாதார மண்டலச் சலுகைகளோடும் மாநில அரசு திருப்பித் தந்த வரிகளோடும் வளர்ந்து, ஆயிரக்கணக்கான கிராமத்து இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் முதற்சம்பளம் தந்தது. வரி வழக்கில் சிக்கி, மைக்ரோசாப்டுக்கு விற்ற வணிகத்தில் சேர்க்கப்படாமல் நின்று, 2014 நவம்பர் 1ஆம் தேதி அது மூடப்பட்டது. வேலையிழந்தோரில் பலருக்கு முப்பது வயதும் நிறையவில்லை. கைப்பேசியின் ஒரு பாகத்தைப் பொருத்துவதில் அவர்கள் அடைந்த வேகம் வேறெங்கும் செலாவணியாகவில்லை. மூலதனத்துக்குச் சிறகு உண்டு, உழைப்பாளிக்குக் குடும்பமும் கடனும் உண்டு என்ற வேற்றுமையை இதனினும் தெளிவாக எவரும் விளக்க முடியாது.

2021 டிசம்பரில், ஆப்பிள் நிறுவனத்துக்காகக் கைப்பேசி பொருத்தும் பாக்ஸ்கான் ஆலையின் பெண்கள் தங்கிய விடுதியில் உணவு நஞ்சாகிப் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட, எத்தனையோ நாளாக மனத்துக்குள் அடக்கியிருந்த குறைகளோடு அப்பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். விடுதிகள் ஆப்பிளின் விதிகளுக்கு ஒவ்வாதவை என்பது அதன்பின்னரே ஒப்புக்கொள்ளப்பட்டது; ஆலை கண்காணிப்பின் கீழ் வைக்கப்பட்டது; 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு சிப்காட்டால் எழுப்பப்பட்டுத் திறக்கப்பட்டது. தூர தேசத்துத் தணிக்கையாளர்கள் ஏடுகளில் காணாத குறையை, சாலையில் அமர்ந்த பெண்கள் ஓரிரவில் உலகம் காணச் செய்தார்கள். நெடுஞ்சாலைக்கு வந்தால்தான் தன் சொல் செவியில் ஏறும் என்ற நிலைக்கு ஒரு பெண்ணைத் தள்ளாமல், ஆலைக்குள்ளேயே அவள் பேச இடம் தருவதுதானே நாகரிகம்?

2024 செப்டம்பர் 9ஆம் தேதி சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. ஊதிய உயர்வு அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. தாங்கள் அமைத்த சங்கத்தைப் பதிவு செய்து அங்கீகரிக்க வேண்டும் என்பதே தலையாயது. பிற இடங்களைவிட நல்ல கூலி பெற்றவர்கள் ஏன் போராட வேண்டும் என்று வியந்தவர்கள், மனிதன் கூலியால் மட்டும் வாழ்வதாக எண்ணிவிட்டார்கள். 1926ஆம் ஆண்டுச் சட்டம் அளித்த உரிமையைப் பெறுவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் இத்தனை நாள் வெயிலில் அமர வேண்டியிருந்தது. நீதிமன்றப் படியும் ஏற வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில்தான் அச்சங்கம் பதிவாயிற்று.

பேச்சுரிமை இல்லாத இடத்தில் நேரக்கூடிய கொடுமையின் உச்சத்தை வங்காளதேசத்தின் சாவரில் உலகம் கண்டது. 2013 ஏப்ரல் 23ஆம் தேதி ராணா பிளாசா கட்டடத்தின் சுவர்களில் விரிசல் கண்டு ஆட்கள் வெளியேற்றப்பட்டார்கள். மறுநாள் காலை, கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியரை வரவேண்டாம் என்று நிறுத்திவிட, மேல்தளங்களில் ஐரோப்பிய அமெரிக்கக் கடைகளுக்கு ஆடை தைத்த பெண்கள், சம்பளம் போய்விடும் என்ற மிரட்டலுக்கு அஞ்சி உள்ளே சென்றார்கள். கட்டடம் இடிந்தது, 1,134 பேர் மாண்டார்கள். விரிசலை அவர்கள் கண்ணாரக் கண்டிருந்தார்கள். உள்ளே செல்ல மாட்டோம் என்று சொல்லுவதற்கு ஒரு சங்கம் அவர்களுக்கு இல்லை. அதன்பின் பிறந்த பாதுகாப்பு உடன்படிக்கை, வாங்குவோரையும் சட்டப்படி பொறுப்பாக்கிற்று. நம் திண்டுக்கல்லிலும் ஆலையில் உழைத்த ஓர் இளம்பெண்ணின் கொலைக்குப் பிறகு, 2022ஆம் ஆண்டில், தலித் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஈஸ்ட்மேன் ஏற்றுமதி நிறுவனத்தோடும் எச் அண்டு எம் முதலிய அந்நிய வணிகரோடும் உடன்படிக்கை செய்து, ஆலைக்குள் பெண்களுக்கு நேரும் இழிவைத் தடுக்கும் பொறுப்பைத் தொழிலாளர் கையிலேயே பெற்றது. அந்நிய வணிகமும் அறமும் ஒருங்கே நடக்கும் என்பதற்கு நம் மண்ணிலேயே கிடைத்த சான்று இது.

அழைப்பவரின் கடமை

முதலீட்டை அழைக்கும் அரசுக்கும் இதில் பங்கு உண்டு. மாநிலத்தோடு மாநிலம் போட்டியிட்டு நிலமும் நீரும் மின்சாரமும் சலுகையில் வழங்கும்போது, தொழிலாளரின் பாதுகாப்பையும் சலுகைப் பட்டியலில் சேர்த்துவிடும் ஆசை எழுவது இயல்பு. உளுந்தூர்ப்பேட்டை ஒப்பந்தம் கையெழுத்தான அதே மாதம் 21ஆம் தேதி, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடந்தரும் சட்டத்திருத்தம் நம் பேரவையில் நிறைவேறியது. எங்கும் எழுந்த எதிர்ப்பைக் கேட்டு, மே தினத்தன்று அது கைவிடப்பட்டது. இவ்விரண்டும் காரண காரியமாகத் தொடர்புடையவை என்று நான் கூற வரவில்லை. உலகெங்கும் தொழிலாளர் உயிர்கொடுத்துப் பெற்ற எட்டு மணி நேரமும் பேரத்துக்குரிய பண்டமாகிவிடக்கூடும் என்பதையும், மக்கள் வாய்திறந்தால் அரசு செவிசாய்க்கும் என்பதையும் சேர்த்தே அந்நாட்கள் காட்டின. போ சென் குழுமத்தின் சீன ஆலைகளில், டோங்குவான் நகரில், 2014 ஏப்ரலில் ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் வேலையை நிறுத்தியபோது, அவர்கள் கேட்டது சட்டப்படி செலுத்த வேண்டிய சமூகக் காப்புத் தொகையையே. நிர்வாகம் அதற்கு இசைந்தது. வரவேற்கும் விருந்தாளியின் வரலாற்றை அறிந்துகொள்வது பகைமையாகாது. எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதை முன்கூட்டியே அறிய அது உதவும்.

இந்த அளவுகோலை அந்நியனுக்கு மட்டும் வைத்துவிட்டு நம்மவரை விட்டுவிடுவது நேர்மையாகாது. அருகிலிருக்கும் நெய்வேலியில் 1956ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பொதுத்துறை நிறுவனம் சோவியத் கடனுதவியால் அனல் மின்நிலையம் கண்டது. உடைமை நம்முடையதாகவே இருந்தது, தொழில்நுட்பத்தை நம்மவர் கற்றுக்கொண்டார்கள். அந்நியர் பொருளைப் பெறுவதற்கு அது ஒரு சிறந்த வழி. அங்கேயும் ஒப்பந்தத் தொழிலாளர் நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராட நேர்ந்தது. நம் ஊரிலும் களிமண்ணைப் பொடிக்கும் இடத்தில் எழும் சிலிக்கா தூசு, நுரையீரலைக் கல்லாக்கும் சிலிகோசிஸ் என்னும் தீராத நோய்க்கு மூலம். முதலாளி உள்ளூரான் என்பதால் அத்தூசு எவருக்கும் தாட்சண்யம் காட்டுவதில்லை. சிறுதொழிலின் நெருக்கடியை நான் அறிவேன். மோர்பியோடு போட்டியிடும் உரிமையாளருக்கு ஒவ்வொரு ரூபாயும் பாரமே. ஆயினும் முகமூடியும், தூசு உறிஞ்சும் விசிறியும், ஈ.எஸ்.ஐ. பதிவும், சட்டம் குறித்த கூலியும் போட்டியின் பெயரால் விட்டுக்கொடுக்கத்தக்கவை அல்ல. நம்மிடம் இல்லாத நேர்மையை நாம் தைவான்காரரிடம் கேட்க முடியாது.

ஆகவே சபையோர்களுக்கு என் விண்ணப்பம் இது. அந்நிய முதலீடு வரட்டும்; அதைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், அதன் முன் கைகட்டி நிற்கவும் வேண்டாம். குடும்பம் வாழ்வதற்குரிய கூலி உண்டா, தொழிலாளி அச்சமின்றிச் சங்கம் கூடிப் பேசலாமா, ஆலை ஒருநாள் போய்விட்டாலும் கையில் நிற்கும் திறமையை அது கற்பிக்கிறதா என்ற மூன்று கேள்விகளை ஒவ்வொரு ஒப்பந்தத்தின்போதும் அரசு கேட்கட்டும். ஒப்பந்தத்தின் நிபந்தனைகளையும் வழங்கிய சலுகைகளையும் மக்கள் அறிய வெளியிடட்டும். தொழிற்பேட்டை உரிமையாளர்கள் இதே கேள்விகளைத் தங்களையும் கேட்டுக்கொள்ளட்டும். ஆலைக்குச் செல்லவிருக்கும் என் சகோதரிகளே, நியமன உத்தரவைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். சம்பளச் சீட்டையும் வைப்பு நிதிக் கணக்கையும் மாதந்தோறும் சரிபாருங்கள். தனியாகப் பேச அஞ்சினால் சேர்ந்து பேசுங்கள். சங்கம் சேர்வது உங்கள் சட்ட உரிமை. அதை உங்களுக்குப் பெற்றுத்தந்தவர்கள் தூத்துக்குடியிலும் பெரம்பூரிலும் கூலிக்கு நின்ற ஏழைகள். அதைக் காப்பது இனி உங்கள் கடமை.